பதினான்கு பேரின் ஈரத்துணி

கல்யாணத்தன்று காலை ஏழே முக்கால் மணிக்கு என் சமையலறைக் கதவை யாரோ முழங்கையால் இடித்தார்கள். இரண்டு கையிலும் சாமான் இருந்தால்தான் ஆட்கள் அப்படிக் கதவைத் தட்டுவார்கள். திறந்தேன். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சண்முகத்தாய் அக்கா நின்றிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு பெட்டிகள். பெட்டிகளின் மூலையிலிருந்து தண்ணீர் ஒழுகி என் வாசற்படியில் ஓடியது.

அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. அன்றைய கல்யாணம் அவருடைய ஒரே மகள் கௌசல்யாவுக்கு. மாட்டுப்பட்டிக்குப் போகிற ரோட்டின் கீழ்ச்சரிவில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற சந்துதான் இருக்கிறது. ஆனாலும் பதினோரு மாதமாக நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்கு அப்பா வைத்த பெயர் பேச்சியம்மாள் என்பதை நினைத்து அந்தப் பதினோரு மாதமும் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், அடுப்படியை ஒட்டிய சாய்ப்பில் சுற்றிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார்.

"பேச்சி, மாப்பிள்ளை வீட்டுத் துணி பூராவும் நனைஞ்சு போச்சு. பத்தரைக்கு முகூர்த்தம் தொடங்குது" என்றார்.

நான் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டேன். அது ஒரு கன்றுக்குட்டி கனம் கனத்தது.

மறையூர் வெயிலை நம்பி

மாப்பிள்ளை சரவணனுக்கு ஊர் மறையூர். கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். எங்களுக்கும் அவர்களுக்கும் ஜீப்பில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் இந்தப் பக்கம் மழை கொட்டுகிறபோது அந்தப் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மலை நடுவில் நின்று மழையை எங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டது.

அன்று விடிகாலை அவர்கள் இரண்டு ஜீப்பில் புறப்பட்டபோது மறையூர் வானம் துடைத்து வைத்தது போல இருந்ததாம். பெட்டிகளை மேலே கேரியரில் ஏற்றிக் கட்டினார்கள். தார்ப்பாயை எதற்கு என்று மடித்துக் காலுக்கடியில் போட்டுக்கொண்டார்கள். மேலே ஏற ஏற முதலில் பனி வந்தது, பிறகு தூறல், ஒரு வளைவு தாண்டியதும் வானமே கீழே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து முன்னால் போன லாரி சேற்றில் சிக்கி ரோட்டை அடைத்துக்கொண்டது. மாப்பிள்ளை உட்பட எல்லாரும் இறங்கி லாரியைத் தள்ளினார்கள். லாரி நகர்ந்தது. அதற்குள் உடுத்தியிருந்த துணி, பெட்டியிலிருந்த துணி எல்லாம் ஒரே ஈரமாகிவிட்டது.

கூறைப்புடவையும் தாலியும் மட்டும் தப்பின. அவற்றை மாப்பிள்ளையின் அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, வழி முழுக்க மடியை விட்டு இறக்கவே இல்லை.

இப்போது பதினான்கு பேரும் அக்கா வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தன் மாமனாரின் கம்பளிச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாக இருந்தார். ஊரில் ஆளுக்கொரு வேட்டி கேட்டு வாங்கி உடுத்திக்கொள்ளலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். சம்பந்தியம்மா அதற்கு ஒரு குறையும் சொல்லவில்லை. நனைந்த பெட்டியைத் திறந்து, வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி தைத்திருந்த சந்தன நிறச் சட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சந்தின் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்.

மெஷின் வந்த கதை

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் துணி காயாது. இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஒரு பெட்ஷீட் நான்கு நாள் கொடியில் கிடந்தாலும் ஐந்தாம் நாள் பூஞ்சைக் காளான் வாடையோடு கைக்கு வரும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் புகையை முகர்ந்து திரும்பிப் பார்ப்பார். நானோ ஐந்து ஹோம்ஸ்டேக்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறவள். ஜூன் மாதம் வந்தாலே அடுப்புக்கு மேலே இன்னும் இரண்டு கயிறு கட்டுவேன்.

சில வருடங்களுக்கு முன், ரோட்டுக்கு மேலே இருக்கிற ஒரு ரிசார்ட்டில் பெரிய மெஷின் வாங்கிப் போட்டதால் துணி காயவைக்கிற பழைய டிரையரை ஒரு மூலையில் தள்ளிவிட்டிருந்தார்கள். ஓடாது என்றார்கள். எடுத்துக்கொண்டு போனால் சரி என்றார்கள். என் கணவர் முருகேசன் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பார்க்க வாஷிங் மெஷின் போலத்தான் இருந்தது. முன்னால் வட்டக் கண்ணாடிக் கதவு. பின்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய்.

பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினால் உள்ளே மோட்டார் உறுமியது, டிரம் அசையவில்லை. அடிமாலி மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டேன். மலை ஏறி வர அவருக்கு நேரமில்லை. கையை விட்டு டிரம்மைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். தடையே இல்லாமல் சுற்றியது. அப்படியானால் பெல்ட் அறுந்திருக்கிறது என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். சொன்ன மாதிரியே கறுப்பு ரப்பர் பெல்ட் செத்த பாம்பாக அடியில் கிடந்தது. புது பெல்ட் கொச்சியிலிருந்து வந்தது. மாட்டுவதற்கு ஒரு முழுப் பகல் ஆனது. சாயங்காலம் முதல் துண்டு சூடாக, புசுபுசுவென்று கைக்கு வந்தபோது நானும் முருகேசனும் அதை மாற்றி மாற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டோம். வேறு யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

பிறகு அந்த மெஷின் எனக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தது.

ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. மோட்டார் போய்விட்டது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் கதவு பொருந்துகிற இடத்தில் ஒரு குழந்தையின் காலுறை மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. கதவு முழுக்க மூடினால்தான் மெஷின் புறப்படும். அதற்குத் தெரிந்த அந்த ஒழுக்கம் என் வீட்டு ஆட்களுக்குத் தெரியாது.

இன்னொரு தடவை டமடமவென்று யாரோ உள்ளே இருந்து உதைப்பது போலச் சத்தம். ஒரு விருந்தாளியின் கோட்டுப் பையிலிருந்த கோலிக்குண்டு அது. அதிலிருந்து பையைத் துழாவாமல் எதையும் உள்ளே போடுவதில்லை.

மற்றொரு சமயம் துணி காயவே இல்லை. கதவுக்குக் கீழே துணியின் பஞ்சைப் பிடிக்கிற ஒரு வலை உண்டு. அதை நான் ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்கிறவள். கண்ணுக்கு வலை சுத்தமாகத்தான் தெரிந்தது. அடிமாலி மெக்கானிக் அதைக் குழாயடியில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். தண்ணீர் வலைக்குள் இறங்காமல் தட்டில் நிற்பது போல நின்றது. துணி வாசனையாக இருக்க நான் ஊற்றுகிற திரவம் கண்ணுக்குத் தெரியாத பிசுக்காக வலையில் படிந்திருந்தது. சோப்புப் போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்ததும் மூச்சு வந்தது.

இப்படி நானும் கொஞ்சம் மெக்கானிக் ஆகிவிட்டேன் என்று ஊரில் பேச்சு. எனக்கும் அதில் பெருமை உண்டு.

பஞ்சால் வந்த சண்டை

சண்டைக்குக் காரணம் அந்தத் தும்பிக்கைக் குழாய்தான்.

டிரையர் துணியிலிருந்து எடுக்கிற ஈரக்காற்றை வெளியே தள்ளியாக வேண்டும். முருகேசன் சாய்ப்புச் சுவரில் ஓட்டை போட்டு, குழாயைக் கைநீளத்தில் நேராக வெளியே விட்டார். ஓட்டை திறந்த இடம் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் அக்காவின் அடுப்படி ஜன்னல்.

என்ன வலை இருந்தாலும் கொஞ்சம் பஞ்சு காற்றோடு போகத்தான் செய்யும். ஒரு நாள் அது அவருடைய இட்லி மாவில் இறங்கிவிட்டது. அக்கா வந்து சத்தம் போட்டார். நான் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு இருபத்தேழு பெட்ஷீட் மிச்சம் இருந்தது. உங்கள் வீட்டுக் கோழி என் வாசலில் பண்ணுவதை நான் என்றைக்காவது கேட்டேனா என்றேன். அங்கிருந்து பேச்சு கோழியை விட்டு, மாமனார் காலத்துப் பாத்திரம் பண்டம் வரைக்கும் போய்விட்டது. கடைசியில் அக்கா, "இனி ஒன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் தம்பி இருவரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். பழைய ஓட்டையைச் சாக்கை அடைத்து மூடினார்கள். குழாயை நீளமாக்கி, சுவரோரமாகக் கொண்டுபோய், கதவுக்கு மேலே ஏற்றி, மறுபடி இறக்கி, வடக்குப் பக்கம் வெளியே விட்டார்கள். சண்டை தீரவில்லை. பஞ்சு மட்டும் இடம் மாறியது.

கல்யாணப் பத்திரிகை வைக்க அக்கா வரவில்லை, அவர் கணவர்தான் வந்தார். கௌசல்யா மட்டும் எப்போதும் போல வந்துபோய்க்கொண்டிருந்தாள். அவளுக்காகக் கோயிலுக்குப் போவது, கடைசி வரிசையில் உட்காருவது, தாலி கட்டியதும் எழுந்து வந்துவிடுவது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

காத்து எங்க போவுது

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

மெஷினில் கிடந்த பெட்ஷீட்டுகளை வெளியே எடுத்தேன். ஈரத்துணியை அப்படியே டிரையரில் போட்டால் மதியம் வரை சுற்றும். அதனால் முதலில் எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றவிட்டுத் தண்ணீரைப் பிழிந்தேன். பட்டுச் சேலைகளைத் தனியே எடுத்து வைத்தேன், அவற்றுக்கு மெஷின் சூடு ஆகாது. மாப்பிள்ளையின் வேட்டி சட்டையையும் ஆண்களின் சந்தன நிறச் சட்டைகளையும் முதல் நடையாக உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

அக்கா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோரு மாதம் சேர்த்து வைத்த மௌனம் அத்தனை சீக்கிரம் கரையுமா.

பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. டிரம் சுற்றுகிறது, சூடு இல்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மூன்று வாரமாகவே ஒவ்வொரு நடைக்கும் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் மழையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலையைப் பார்த்தேன், சுத்தம். துணியும் அதிகம் போடவில்லை. மெஷின் உள்ளே சூடு மீறினால், சூடாக்குகிற கம்பிக்குப் போகிற கரண்டை மட்டும் தானே வெட்டிவிடுகிற ஒரு சின்னப் பாகம் பின்பக்கம் இருக்கிறது. அது விழுந்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பின்தகட்டைக் கழற்றி, அதன் நடுவிலுள்ள பொத்தானை அமுக்கினேன். டிக் என்றது. எனக்கு உயிர் வந்தது. மறுபடி எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டேன். சூடு வந்தது. ஏழெட்டு நிமிடம் கழித்து மறுபடியும் போய்விட்டது.

மணி எட்டரை தாண்டிவிட்டது. இன்னொரு தடவை அமுக்கினாலும் இன்னொரு தடவை விழும். ஏன் விழுகிறது என்று தெரியாமல் அமுக்குவதில் பிரயோசனமில்லை. அடிமாலிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.  அந்த நேரத்தில் அழுகை வந்திருந்தால் அழுதிருப்பேன். அக்கா முன்னால் அழக்கூடாது என்ற வீம்புதான் காப்பாற்றியது.

"காத்து எங்க போவுது?" என்று கேட்டார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. வடக்குப் பக்கம் என்று கையைக் காட்டினேன். அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி வீட்டைச் சுற்றிப் போனார். அங்கிருந்து மெஷினை ஓடவிடச் சொல்லிக் குரல் கொடுத்தார். பொத்தானைத் தட்டினேன். சற்று நேரத்தில் திரும்பி வந்து, ஈர உள்ளங்கையை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"இங்க மூச்சே இல்ல, பேச்சி. அவிச்ச காத்து வெளிய போவ வழியில்லாம உள்ளயே முட்டிக்கிட்டு நிக்கி. பொறவு எப்படிச் சூடு தாங்கும்?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா பதினாறு வருடமாகத் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை பார்க்கிறவர். அது லாரி நீளத்துக்கு இருக்கிற மெஷின், காய்வது இலை. வெளியே போகிற காற்றில் கை வைத்தே உள்ளே இலை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று எஸ்டேட்டில் பேச்சு. என் சாய்ப்பில் நிற்பதும் ஒரு டிரையர்தான் என்பது இத்தனை நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு அது துணி மெஷின். அவருக்கு அது இட்லி மாவைக் கெடுத்த மெஷின்.

பிளக்கைப் பிடுங்கினோம். அக்கா குழாயின் வழியே கையால் தடவிக்கொண்டு வந்தார். கதவுக்கு மேலே ஏறுவதற்கு முன் குழாய் ஒரு தொட்டில் போலத் தொங்கியது. அதைத் தூக்கி ஆட்டினார். உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று அவர் என் கண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர்க் குளிரில், சூடான ஈரக்காற்று அத்தனை நீளக் குழாயில் போகும்போதே ஆறித் தண்ணீராகிவிடுகிறது. அது பள்ளத்தில் தேங்குகிறது. தப்பி வருகிற பஞ்சு அதில் விழுந்து ஊறிச் சேறாகிறது. மாதக்கணக்கில் அப்படிச் சேர்ந்து வழியை அடைத்துவிட்டது.

வாளியை வைத்துவிட்டுக் குழாயைக் கழற்றியிருக்க வேண்டும். எங்கள் அவசரத்தில் கழற்றிய பிறகுதான் வாளி ஞாபகம் வந்தது. சாம்பல் நிறத் தண்ணீரும் பஞ்சுச் சேறும் இரண்டு பேர் தலையிலும் ஊற்றியது. அக்காவின் புருவத்தில் ஒரு கட்டி தொங்கியது. நான் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். அவர் என் தலையிலிருந்து ஒரு கொத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இது எந்தத் துரையோட கம்பளி என்று கேட்டார். அதற்கு மேல் இரண்டு பேராலும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சந்துக்கு அந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்து கௌசல்யா எட்டிப் பார்த்தாள், தலை நிறையப் பூ.

"சித்தி, அவரு காஞ்சிட்டாரா?" என்றாள்.

இன்னும் இல்லை, போய் உட்காரு என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.

குழாயைக் கழுவியாகிவிட்டது. ஆனால் மறுபடி அதே வளைவில் மாட்டினால் காற்று தடுமாறத்தான் செய்யும். குட்டையாக, நேராக வெளியே விட வேண்டும். அதற்கு இருந்தது ஒரே இடம். சாக்கை அடைத்து மூடிய அந்தப் பழைய ஓட்டை. நான் அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். 

அக்கா போய்ச் சாக்கைப் பிடித்து இழுத்தார். அது வராமல் அடம் பிடித்தது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். வந்துவிட்டது.

"இதுலயே விடு."

"பஞ்சு பறக்குமேக்கா."

"பறக்கட்டும். நான் ஜன்னலச் சாத்திக்கிடுதேன்."

சூடான சட்டைகள்

குழாயைக் கைநீளத்துக்குக் குறைத்துப் பழைய ஓட்டையில் மாட்டி, பொத்தானை அமுக்கி, பின்தகட்டை மூடி மெஷினை ஓடவிட்டபோது ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம். அக்கா சந்தில் நின்று கையைக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் முதல் நடை வந்தது. மாப்பிள்ளையின் சட்டையை எடுத்து உதறினேன், ஆவி பறந்தது. அதை வாங்கிப் போக அவரே சந்தில் வந்து நின்றார். சட்டையைப் போட்டுக்கொண்டதும் கண்ணை மூடி, மறையூர் வெயில் மாதிரி இருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் போர்வை போர்த்திய பெரியப்பா சித்தப்பாக்கள் எல்லாம் வரிசையாக நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் சூடான கவுனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரமாட்டோம் என்றன. உலர்ந்த சட்டைகளை முருகேசன் ஒரு மேசையில் பரப்பித் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பந்தலுக்கு வாழைமரம் கட்டப் போயிருந்தவரை நான்தான் போன் போட்டு இழுத்து வந்திருந்தேன்.

சம்பந்தியம்மாவின் பட்டுச் சேலைதான் கடைசிக் கவலை. அதை மெஷினில் போடச் சொல்லி எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். நான் கேட்கவில்லை. மெஷினில் காய்ந்து சூடாக வந்த துண்டுகளை விரித்து, நடுவில் சேலையை வைத்துச் சுருட்டி, அக்கா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக அமுக்கினோம். துண்டு ஈரமானதும் அடுத்த சூடான துண்டு. நான்கு தடவை மாற்றினோம். சேலை முழுக்கக் காயவில்லை. உடுத்திக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு வந்தது. சம்பந்தியம்மா என் கன்னத்தைத் தொட்டு, கை எத்தனை சூடு என்றார்.

பதினொன்றே கால் மணிக்கு எஸ்டேட் முருகன் கோயிலில் சரவணன் கௌசல்யாவுக்குத் தாலி கட்டினார். வெளியே மழை அப்படியேதான் பெய்துகொண்டிருந்தது. உள்ளே மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் எல்லாரும் சந்தன நிறச் சட்டையில், நன்றாகச் சுட்ட பணியாரம் போலப் பளிச்சென்று நின்றார்கள்.

எனக்குக் குளிக்கவும் நேரமில்லை. முகத்தைக் கழுவிச் சேலையை மட்டும் மாற்றிக்கொண்டு, நினைத்தபடியே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அக்கா மணவறையிலிருந்தே கண்ணால் தேடினார். பிறகு இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நான் பின்வாங்கினேன். அவர் விடவில்லை. மேலே கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இது யார் என்று மறையூர்க் கிழவர் ஒருவர் கேட்டார். அக்கா, "எங்கூடப் பொறக்காத தங்கச்சி" என்றார். பந்தியில் எனக்கு அவரே இலை போட்டுப் பாயசம் ஊற்றினார். எனக்கு இனிப்பு அவ்வளவு பிடிக்காது. அன்று மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள்

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து கௌசல்யா மறையூருக்குப் போய்விட்டாள். வந்தவர்களும் போனார்கள். அக்காவின் வீட்டில் ரேடியோ கூடப் பாடவில்லை. அவருடைய கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டிருந்தார். அக்காவுக்கு இன்னும் இரண்டு நாள் லீவு மிச்சம் இருந்தது.

நான் ஹோம்ஸ்டே பெட்ஷீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா கையில் ஒரு சேலையோடு வந்து நின்றார். அவர் தினமும் வேலைக்குக் கட்டிப்போகிற பச்சைச் சேலை.

"இது காய மாட்டேங்கு, பேச்சி. ஒன் மெஷின்ல கொஞ்சம் போட்டுத் தாரியா?"

கையில் வாங்கினேன். சேலை நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. மடிப்புக் கூடக் கலையவில்லை.

 மடிப்பைப் பிரித்து, உதறி, மெஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். அக்காவுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன். வட்டக் கண்ணாடிக்குள் அந்தப் பச்சைச் சேலை மட்டும் தன்னந்தனியே ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டார். இது நல்ல ஈரம், நேரமாகும் என்றேன்.